இருநூற்றுப் பதினேழாம் எண் சிராய்

மரம் பொய் சொல்லாது என்பதில் அவருக்கு இருந்த நம்பிக்கை, மனைவி மேல் இருந்த பயத்தைவிட ஒரு பிடி கூடுதல். மரச் சோதனை ஆய்வகத்தில் வேலை. ஒரே ஒரு சிராய் கொடுத்தால் போதும். அரைத்துத் தூளாக்கி, கடுகளவு எடுத்து இயந்திரத்தில் எரித்துப் பார்ப்பார். மரம் குடித்த மழைத்தண்ணீரின் அடையாளம் அதன் உடம்பிலேயே தங்கிவிடும். அதை வைத்து, "இன்ன காட்டு மரம்" என்று வியாபாரி சொல்வது நிஜமா, புளுகா என்று கண்டுபிடித்துவிடுவார். அங்கே அவர் கையெழுத்துப் போட்டபின் மறுபேச்சு கிடையாது. வீட்டில் அவர் வாயைத் திறக்கும் முன்பே மறுபேச்சு உண்டு.

போன மாதம் மனைவி வீட்டுக்கு வெள்ளையடிக்க நாள் குறித்தாள். ஏணியும் வாளியும் வந்து இறங்கியதுமே அவருக்கு இடுப்பு வலித்தது.

"ஆபீஸ்ல மலைக்காட்டுக்கு அனுப்புறாங்க. மாதிரிக் கட்டை எடுக்கணும். மூணு நாள்."

"இப்பவேதான் போகணுமா?"

"காடு காத்திருக்குமா?"

"சுவரு மட்டும் காத்திருக்குமா?"

காத்திருக்கவில்லை. அவளே ஏணியில் ஏறினாள்.

நாலாம் நாள் காலை, முகமெல்லாம் கறுத்துத் திரும்பி வந்தார்.

"என்னங்க, காட்டுக்குள்ள அவ்வளவு வெயிலா?"

"மரத்து உச்சியில ஏறி நின்னேன்ல!"

சொன்ன சூட்டோடு பையிலிருந்து ஒரு தேக்குச் சிராயை எடுத்து நீட்டினார். பஸ் நிலையத்துக்கு எதிரே மரக்கடை வாசலில் பொறுக்கியது.

"நடுக்காட்டில, உனக்காகவே, நானே செதுக்கினது."

"எனக்காகவா? அடேயப்பா!" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு அலமாரியில் பத்திரமாக வைத்தாள். பொய் சொல்வது இவ்வளவு சுலபம் என்று தெரியாமல் இத்தனை வருஷத்தை வீணாக்கிவிட்டோமே என்று அவர் வருந்தினார்.

இரண்டு வாரம் போயிற்று. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், படியேறும்போதே குரல் கொடுத்துக்கொண்டு வந்தார்.

"காபி கொண்டா! இன்னிக்கு ஒருத்தன் சாயத்தை வெளுத்துட்டேன். மாதிரி எண் இருநூத்திப் பதினேழு!"

"யாருங்க அது?"

"பேரெல்லாம் எங்ககிட்ட சொல்ல மாட்டாங்க. வெறும் நம்பர்தான். மலைக்காட்டுத் தேக்குன்னு படிவத்தில எழுதியிருக்கான் அந்தப் புளுகன். எழுதினா ஆச்சா? அரைச்சேன். எரிச்சேன். எங்ககிட்ட இருக்கிற மலைக்காட்டு மரத்தோட ஒப்பிட்டேன். ஒட்டவும் இல்ல, உரசவும் இல்ல!"

"இயந்திரம் தப்பா சொல்லியிருந்தா?"

"மூணு தடவை பாத்தேன். அதுவும் தப்பு பண்ணாது, நானும் தப்பு பண்ண மாட்டேன்."

"பாவம், ஏதோ அவசரத்தில சொல்லியிருப்பாரு."

"சொல்லியிருப்பா'ரு'வா? அந்தப் பயலுக்கு 'ரு' ஒரு கேடா? கட்டின பொண்டாட்டிகிட்டயே கூசாம புளுகுற ஜாதி அது!"

"அப்ப அவரை என்னதான் செய்யலாம்?"

"வெட்டு ஒண்ணு, துண்டு ரெண்டுன்னு மூஞ்சிக்கு நேரா கேக்கணும். தானா கக்கிடுவான்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு அலமாரியைத் திறந்து ஓர் உறையை எடுத்து, உள்ளேயிருந்த அறிக்கையை அவரிடம் நீட்டினாள். ஆய்வக முத்திரை. மாதிரி எண் இருநூற்றுப் பதினேழு. கொடுத்தவர் என்ற இடத்தில் மனைவியின் பெயர். அடியில், காலையில் அவரே வளைத்து வளைத்துப் போட்ட கையெழுத்து.

"மத்தியானமே போய் வாங்கிட்டு வந்துட்டேன்" என்றாள்.

அவர் மரத்துப் போனார். தன் கையெழுத்தையே மூன்று தடவை பார்த்தார்.

"என்னையே... கேட்டிருக்கலாமே?"

"கேட்டா சத்தியம் பண்ணுவீங்க. வேற யார் சொன்னாலும் ஒத்துக்க மாட்டீங்க. உங்க கையெழுத்தை மட்டும்தான் நீங்க நம்புவீங்க."

ஆதாரம் என்று வந்துவிட்டால் தலைவணங்குவதுதான் விஞ்ஞானிக்கு அழகு. நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி. மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. கடற்கரை விடுதியிலதான் இருந்தேன். மூணு நாளும் சீட்டாட்டம்தான். ஆனா யோசனை என்னோடது இல்ல. உன் தம்பிதான் கூப்பிட்டான். அவனும் வீட்டில ஆபீஸ் பயிற்சின்னு சொல்லிட்டுத்தான் வந்தான்."

அவள் அறிக்கையை வாங்கி, விரல் வைத்து, வரி வரியாகப் படித்தாள். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"இதில கடலையும் காணோம், சீட்டையும் காணோம், என் தம்பியையும் காணோமே. 'சொன்ன காட்டு மரம் இல்லை'ன்னு ஒரே ஒரு வரிதானே இருக்கு?" என்றவள், தம்பி மனைவிக்குப் போன் போட்டாள்.