இரண்டு வாளித் தண்ணீர்

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். பதினெட்டுப் படிகள் மேலே நீயும் நலம் என்பதை உன் காலடிச் சத்தத்தில் தெரிந்துகொள்கிறேன். இக்கடிதத்தில்:

1. உன் வீட்டில் தண்ணீர் நின்றது
2. அதை நான் சரிசெய்தது
3. அதன் விளைவுகள்
4. முடிவு (இன்னும் எட்டவில்லை)

இரண்டு வருடமாகக் காலை ஏழு மணிக்கு இரண்டு வாளியோடு நீ கீழே வந்துகொண்டிருந்தாய். குடிநீர்த் திட்ட அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்தவன் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாமா? எந்தப் பிரச்சினையும் தனியாக நிற்பதில்லை, எது எதோடு பின்னிக் கிடக்கிறது என்று அம்புக்குறி போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னவன் நான். ஆகவே படம் வரைந்தேன், பிளம்பரை அழைத்து வந்தேன். அவர் உன் சமையலறை மூலையில் குனிந்து பார்த்துவிட்டு, "ஐயா, குழாய்ல ஒரு கோளாறும் இல்ல. யாரோ வால்வை இறுக்கி மூடி வச்சிருக்காங்க" என்றார். நீ சுவரைப் பார்த்தாய். பழைய குடித்தனக்காரர் வேலை என்று நான் குறித்துக்கொண்டேன். "இனிமே நீ கீழ வரவே வேண்டாம்மா!" என்றேன். "ரொம்ப சந்தோஷம்ணே. இப்ப நிம்மதியா?" என்றாய். பாராட்டு என்றே நினைத்தேன்.

எட்டு நாளாயிற்று. குறுக்கெழுத்தில் நீ சொல்லும் பாதிக் கட்டம் காலி. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வங்கிக்குப் போய் வந்தேன், சொல்ல ஆளில்லை. கை பழக்கத்தில் இரண்டு பேருக்கு டீ போட்டு, வீணாக்க மனமில்லாமல் இரண்டையும் நானே குடித்து, படபடப்பு வந்து டாக்டரிடம் போனால், "ஏங்க இவ்வளவு டீ?" என்கிறார். தங்கச்சி வீட்டுக் குழாயைச் சரிபண்ணினதுதாங்க காரணம் என்று அம்புக்குறி போட்டுக் காட்டினேன். அவர் என் பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டார். இரண்டு வாளி நிறைய எட்டு நிமிடம் போதும். நீ முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பாய். இதை அப்போதே கணக்கில் எடுத்திருக்க வேண்டும், என்னம்மா செய்ய, தோணல. நானே மேலே வரலாம்தான். "என்னண்ணே விஷயம்?" என்பாய். என்னிடம் விஷயம் இருக்காது.

உன் குழாய் என்றும் குறைவின்றி ஓட வாழ்த்தும்,
அண்ணன்

பி.கு.: படத்தை மறுபடி பார்த்தேன். நீ அங்கே குடியேறிப் பதினொரு வருடம். தண்ணீர் நின்றதோ உன் அண்ணி காலமான மாதம். பழைய குடித்தனக்காரர் எப்படி வந்து மூடியிருப்பார்? தண்ணீர் நின்றதால் நீ வந்தாய் என்று அம்பு போட்டிருந்தேன். அதைத் திருப்பிப் போட வேண்டும். மேலே பட்டியலில் முதல் குறிப்பு தவறு: தண்ணீர் தானாக நிற்கவில்லை. என் வீட்டு வால்வை இன்று இறுக்கி மூடிவிட்டேன். நாளை ஏழு மணிக்கு இரண்டு வாளியோடு மேலே வருகிறேன். பிளம்பரைக் கூப்பிட்டுவிடாதே.