கந்தோர் மாப்பிள்ளை

சீமெண்ணெய் போட்டு மூன்று தரம் தேய்த்தும் நாகேந்திரத்தின் நகக்கண்ணில் இருந்த கறுப்புப் போகவில்லை. பெண் பார்க்கப் புறப்படுகிற நேரம் வேறு.

"என்னடா இது?" என்றார் மாமா கனகசபாபதி.

"கந்தோர் மை, மாமா. கழுவக் கழுவப் பரவுது."

மாமா உச்சி குளிர்ந்து போனார். அவர் பென்சன் எடுத்த தலைமைக் கிளாக்கர். மருமகன் அலுவலகத்தில் அவ்வளவு எழுதுகிறானாக்கும்!

மருமகன் கிளாக்கர் வேலைக்கான கிளறிக்கல் சோதனையில் இரண்டு தரம் விழுந்தவன். மூன்றாம் தரம் எழுதப் போகிறேன் என்று கிளம்பி, கொட்டாஞ்சேனையில் ராசிக்கின் பைப் பட்டறைக்குள் நுழைந்தவன், மூன்று வருஷமாக அங்கேயேதான். தினமும் கந்தோருக்குப் போகிறவன் மாதிரி வெள்ளைக் கோட்டும் டையுமாக வெள்ளவத்தையில் ரயில் ஏறுவான். பட்டறையில் வேலை உடுப்பான ஓவரோலுக்கு மாறுவான். கோப்புகள் அவனுக்கு ஒருநாளும் விளங்கியதில்லை, தண்ணீர் விளங்கியது. அந்த வேலை என்றால் அவனுக்கு உயிர். ஆனால் பைப் பூட்டுகிறவனுக்கு எந்த யாழ்ப்பாணத்தார் பெண் கொடுப்பார்? பார்க்கப் போகும் பெண் அருந்ததியின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து அவளும் வேண்டும், ஸ்பானரும் வேண்டும் என்று பாவம், தவித்துக்கொண்டிருந்தான்.

கெட்ட காலத்துக்குப் பெண் வீடும் கொட்டாஞ்சேனையிலேயே இருந்தது. அருந்ததி தேத்தண்ணீர் வைத்துவிட்டு உள்ளே போய் ஐந்து நிமிஷம் ஆகவில்லை, பின்முற்றத்தில் பைப் வெடித்துத் தண்ணீர் கூரைக்குப் பாய்ந்தது.

பெண்ணின் தகப்பன் தில்லையம்பலம் பதறி எழுந்தார். "ஆரும் ஓடிப்போய் ராசிக்கின்ர பட்டறையிலை இருக்கிறதா எல்லாரும் சொல்லுற அந்தக் கெட்டிக்காரப் பெடியனைக் கூட்டிக்கொண்டு வாங்கோ!"

அந்தக் கெட்டிக்காரப் பெடியன் கோட்டும் டையுமாக அவருக்கு முன்னால்தான் இருந்தான். வேறு யாராவது பட்டறைக்குப் போனால் கதை கந்தல்.

"நான் போறன்!" என்று பாய்ந்தான்.

"கந்தோர் மனுசன் ஏன் போகவேணும்?" என்று மாமா கேட்பதற்குள் வாசல் படலையைத் தாண்டிவிட்டான்.

பத்து நிமிஷத்தில் ஓவரோலும் தொப்பியுமாகப் பின்வாசலால் வந்தான். அருந்ததி வாளியோடு நனைந்துபோய் நின்றாள். அவன் தலையைக் குனிந்தபடியே வேலையில் இறங்கினான்.

"பைப்பிலை சுத்த அந்தச் சணலை இங்கால தாங்கோ."

எடுத்துக் கொடுத்தாள். "கனகாலமா இந்த வேலையோ?"

"மூண்டு வருஷம்."

"கந்தோருக்குப் போக விருப்பமில்லையோ?"

தண்ணீர் அடங்குகிற சந்தோஷத்தில் அவன் தன்னை மறந்தான். "கதிரையிலை இருத்தினால் செத்துப்போவன். இது என்ர கைக்கு அடங்கிற தண்ணி. இந்த வேலையை ஆருக்காகவும் விடமாட்டன்."

அவள் ஓவரோலுக்குக் கீழே மினுங்கிய கந்தோர்ச் சப்பாத்தை ஒருதரம் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

"பைப் நிண்டிட்டுது! அந்தப் பெடியனை முன்னுக்கு வரச் சொல்லுங்கோ, தேத்தண்ணி குடிக்கட்டும்!" என்று தில்லையம்பலத்தின் குரல் கேட்டது.

நாகேந்திரம் பின்வாசலால் எடுத்தான் ஓட்டம். மறுபடி கோட்டை மாட்டி முன்வாசலால் வந்தபோது டை முதுகுப் பக்கம் கிடந்தது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"பிளம்பர் வந்து முடிச்சிட்டும் போயிட்டான். நீர் எங்கை தம்பி போனனீர்?" என்றார் தில்லையம்பலம்.

"வழி... வழி மாறிப் போயிட்டன்."

"தலை ஏன் நனைஞ்சிருக்கு?"

"மழை."

வெளியே வெயில் கொளுத்தியது.

மாமா குறுக்கே விழுந்து காப்பாற்றினார். "கந்தோர் ஆக்களுக்கு வெளி உலகம் தெரியாது. பைப் பூட்டிறவன்தான் தெருத்தெருவாய்த் திரிவான். பென்சன் கிடைக்குமோ அவனுக்கு?"

"அதுதானே," என்றார் தில்லையம்பலம்.

இந்தப் பொய்யில் தாலி கட்டினால் சாகும்வரை கோட்டைக் கழற்ற முடியாது. வருவது வரட்டும் என்று நாகேந்திரம் எழுந்தான்.

"மாமா, நான் ஒண்டு சொல்லவேணும்..."

அதற்குள் சமையல்காரி செலீன் உள்ளேயிருந்து வந்தாள்.

"ஐயா, பிள்ளை முடிவு சொல்லிப்போட்டா. முன்வாசலால வந்த மாப்பிள்ளை வேண்டாமாம். பின்வாசலால வந்தவர் எண்டால் நாளைக்கே சம்மதமாம்."