வியாழக்கிழமை வந்த ஆள்

சோப்பு இறுகவில்லை.

கொபினா கரண்டியால் குத்திப் பார்த்தான். கஞ்சி மாதிரிக் கரண்டியோடு வந்தது.

"நேத்து ராத்திரியே இறுகிடும்னீங்களே சார்," என்றாள் ஒரு மாணவி.

"சாம்பல்ல ஊத்தின தண்ணிய யாரு அளந்தது?"

ஆய்வகத்தில் இருந்த பதின்மூன்று பேரும் கூரையைப் பார்த்தார்கள்.

அலுவலக உதவியாளர் அரபா அக்கா கதவருகில் வந்து நின்றாள். "சார், கோட்டு போட்ட பெரியவர் ஒருத்தர் வந்திருக்காரு. அக்ரா ஆபீஸ் வண்டியில."

சோதனை போட வந்தவர்தான் என்று கொபினா முடிவு கட்டினான். தலைநகர் அக்ராவில் உள்ள அங்கீகார அலுவலகத்திலிருந்து போன் செய்தவர் ஒரே வரிதான் சொல்லியிருந்தார்: "வியாழக்கிழமை எங்க ஆள் வருவார்." வேதியியல், பயன்பாட்டு அறிவியல், வணிக மேலாண்மை மூன்றுக்கும் சேர்த்துக் கல்லூரி தொடங்கியிருந்த ஒரே முதலாண்டுப் படிப்பு. பிள்ளைகளே சோப்புக் காய்ச்ச வேண்டும், அவர்களே விற்க வேண்டும். இந்த வாரத்துக்குள் அங்கீகாரம் வராவிட்டால் படிப்பையே இழுத்து மூடிவிடுவார்கள். இருபத்தாறு பிள்ளைகளும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கொபினாவும்.

"தண்ணி குடுத்தீங்களாக்கா?"

"குடுக்காம இருப்பேனா? அவர் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள மான்சா மேடம் வந்து கையோட கூட்டிட்டுப் போயிட்டாங்க."

மான்சா வணிக மேலாண்மை ஆசிரியை. மீதிப் பதின்மூன்று பேர் அவளுடைய வகுப்பில் இருந்தார்கள். கொபினா அவளுக்கு போன் போட்டான்.

"அரை மணி நேரம் அங்கயே பிடிச்சு வை. இங்க கஞ்சிதான் இருக்கு."

"அரை மணி என்ன, அரை நாளே வச்சுக்கறேன். நீ போய்க் கிண்டு."

அன்றைய பாடம் வாடிக்கையாளரைக் கவர்வது. மான்சா பெரியவரை வகுப்பின் நடுவில் உட்காரவைத்து, "இவர்தான் வாடிக்கையாளர்," என்றாள். பதின்மூன்று பேரும் பாய்ந்தார்கள்.

"ஐயா, எங்க சோப்பைப் போட்டீங்கன்னா பத்து வயசு குறைஞ்சிடும்!"

"இருபது குறையும்யா. அவன் குறைச்சுச் சொல்றான்."

"சோப்பு எங்கே?" என்றார் பெரியவர், மரியாதைக்காக.

அவ்வளவுதான். "கண்ணெதிரே காட்டுறோம், வாங்கய்யா!" என்று அவரை ஊர்வலமாக ஆய்வகத்துக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். மான்சா பின்னால் ஓடி வந்தாள்.

கொபினா தண்ணீர் வற்றட்டும் என்று சட்டியை அடுப்பில் ஏற்றியிருந்தான். உப்புப் போட்டால் சோப்பு பிரிந்து திரளும். ஒரு பிடி போதும். ஊர்வலத்தைப் பார்த்த பதற்றத்தில் பொட்டலம் முழுவதும் உள்ளே போனது. சட்டி பொங்கியது. பொங்குவது அடங்கட்டும் என்று ஒரு சொம்பு பச்சைத் தண்ணீரை ஊற்றினான்.

அடங்கவில்லை. சீறியது. மாணவர்கள் சிதறினார்கள். பெரியவரின் கோட்டில் தோளிலிருந்து பொத்தான் வரை கறுப்புக் கஞ்சி வழிந்தது.

"கழட்டிக் குடுங்கய்யா, அலசித் தர்றேன்!" என்றான் கொபினா.

"வேணாம்பா." பெரியவர் கோட்டை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டார்.

"குடுங்கய்யா," என்றான் ஒரு மாணவன். "சோப்பு ஏற்கெனவே போட்டாச்சு. தண்ணிதான் பாக்கி."

"வேணாம்னு சொல்றேன்ல!"

கோட்டைச் சாட்சியாகக் கொண்டு போகப் போகிறார் என்று கொபினாவுக்குப் பட்டது.

மான்சா விடவில்லை. "வாடிக்கையாளருக்குக் குறை இருந்தா என்ன செய்யணும்? போன வாரம்தானே படிச்சீங்க?"

உடனே ஒரு வாடிக்கையாளர் கருத்துப் படிவமும் பேனாவும் நீண்டன. பெரியவர் பெயரை எழுதினார். மதிப்பெண் கட்டத்தில் பேனா நின்றது.

"மார்க் போடுங்கய்யா," என்றாள் மான்சா, குழைந்து.

"மார்க் போடறது என் வேலையாம்மா?"

குத்திக் காட்டுகிறார் என்று கொபினா நினைத்தான். ஆனாலும் அவர் முன்னால் போய் நின்றான்.

"ஐயா, மூடறதுன்னா மூடிடுங்க. பிள்ளைங்க மேல தப்பில்ல. தண்ணிய அளக்கச் சொல்லிக் குடுக்காதது நான். அவங்களை வேற எங்கயாவது சேர்த்து விட்டுடுங்க, போதும்."

பெரியவர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

சத்தம் கேட்டு அரபா அக்கா துடைப்பத்தோடு வந்தாள். தரையைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள்.

"வந்தவரை இப்படியா குளிப்பாட்டுவீங்க? ஆமா, இவர்கிட்ட வந்த காரியம் கேட்டீங்களா?"

கொபினா மான்சாவைப் பார்த்தான். மான்சா கொபினாவைப் பார்த்தாள்.

"நீ கேட்டிருப்பேன்னு நினைச்சேன்," என்றான் கொபினா.

"அக்கா கேட்டிருப்பாங்கன்னு நான்..."

"நான் எங்க கேட்டேன்? தண்ணிதான் குடுத்தேன்."

அந்த ஊர் வழக்கப்படி, தண்ணீர் கொடுத்த பிறகு வந்த காரியத்தைக் கேட்பது இடத்துக்காரர்கள் கடமை. கேட்கும்வரை விருந்தாளி தானாக அதைச் சொல்லமாட்டார். ஒருவர் கேட்டதை இன்னொருவர் மறுபடி கேட்பதும் மரியாதை இல்லை. மூன்று பேரும் மரியாதை தெரிந்தவர்கள்.

அரபா அக்கா துடைப்பத்தைக் கீழே போட்டாள். தோள்துணியைச் சரிசெய்துகொண்டு முறைப்படி முன்னால் வந்து நின்றாள்.

"பயணம் சௌகரியமா இருந்துச்சாங்கய்யா? வந்த காரியம் என்னங்க?"

பெரியவரின் தோள்கள் தளர்ந்தன. கோட்டின் உள்பையிலிருந்து, ஒரு துளி கஞ்சி படாத உறையொன்றை எடுத்து வலது கையால் நீட்டினார்.

"நான் அந்த ஆபீஸ் டிரைவரும்மா. உங்க கோர்ஸுக்கு அங்கீகாரம் குடுத்தாச்சுன்னு இந்தக் கடிதத்தைக் குடுத்துட்டுப் போகத்தான் வந்தேன், யாராவது கேப்பீங்கன்னு காலையிலேர்ந்து காத்துட்டிருக்கேன்."