அப்பீலுக்குப் போன அடுப்படிக் கதவு

அன்று கடலூர் கோர்ட் வராந்தாவில் இருந்தவர்கள்: நான். என் மனைவி தனம். அவள் தம்பி சேகர். எங்கள் வக்கீல். மின்சார ஆபீஸ் வக்கீல். எங்கள் வீட்டு அடுப்படிக் கதவு.

கதவை ஆள் கணக்கில் சேர்க்கக் கூடாதுதான். ஆனால் பஸ்ஸில் அதற்கும் டிக்கெட் எடுத்திருந்தோம். (சேகர் டிக்கெட்டைவிட ஜாஸ்தி.)

2007-இல் எனக்கு செம்மங்குப்பத்தில் மூட்டை ஏற்றும் வேலை. ஞாயிறு மட்டும் சிதம்பரம் வீட்டுக்கு வருவேன். நான் இல்லாதபோது கரண்ட் வீணாகிறதென்று சந்தேகம். தனத்துக்கு உத்தரவு போட்டேன்.

"தெனம் மீட்டரப் பாரு. எத்தினி யூனிட் ஓடுச்சோ எழுதி வை. எல்லாத்தயும் எழுதி வை."

அவள் அடுப்படிக் கதவின் உள்பக்கம் பேனாவால் எழுதினாள். பெயிண்ட் அடிக்காத கதவு. ஞாயிறுதோறும் அதன் முன் நின்று இன்ஸ்பெக்டர் மாதிரி பார்ப்பேன். எண்ணை மட்டும் பார்ப்பேன். எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு நேரமாகும்.

ஒரு தடவை பில் நாலாயிரத்துச் சொச்சம் வந்தது. வழக்கமாக நூற்றைம்பதுதான். கதவில் வார நாட்களுக்கு முப்பது, முப்பத்தைந்து யூனிட். ஞாயிறு மட்டும் இரண்டு. மீட்டர் கெட்டுவிட்டது என்று தெருவெல்லாம் சொன்னேன். நான் வீட்டில் இருந்தால் மட்டும் ஒழுங்காக ஓடுகிறது, அதற்கு என்னைக் கண்டால் பயம் என்றும் சொன்னேன். (வெட்கமில்லாமல்.)

பில்லை எதிர்த்து சிதம்பரத்தில் கேஸ் போட்டேன். சேகர் தானாக முன்வந்து கதவிலிருந்த எண்களை ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தான். இது நகல், செல்லாது, பில்லைக் கட்டு என்று தீர்ப்பு. விடவில்லை. கடலூரில் அப்பீல் போட்டேன். அதிலும் தோற்றால் பில், கோர்ட் செலவு எல்லாம் என் தலையில். கட்டாவிட்டால் ஃப்யூஸைப் பிடுங்குவார்கள். தெரு பார்த்துக்கொண்டிருக்கும்.

"ஒரிஜினல் எங்க?" என்று வக்கீல் கேட்டார்.

"வீட்ல இருக்கு."

"அடுத்த வாய்தாவுக்கு எடுத்தாங்க."

ஒரிஜினல் என்னவென்று அவர் கேட்கவில்லை. கேட்காததை நான் சொல்வதில்லை. கீலைக் கழற்றினேன்.

சேகர் முகம் சுண்டிவிட்டது. "மாமா, கதவு வேணாம் மாமா. போட்டோ புடிச்சிக்கலாம்."

"ஒரிஜினல் கேட்டாரு."

"மழ வரும் மாமா."

சித்திரை வெயில்.

கண்டக்டர் கதவைப் பார்த்தார். "எங்கய்யா போவுது இது?"

"கோர்ட்டுக்கு."

கதவுக்கும் டிக்கெட் கிழித்தார்.

கடலூரில் இறங்கி ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொண்டு நடந்தோம். கெடிலம் பாலத்தில் சேகர் நின்றான்.

"ஒரே தூசி மாமா. ஆத்துல ஒரு முக்கு முக்கி எடுத்தாரட்டா?"

"நட மச்சான்."

எங்கள் வக்கீல் கதவைப் பார்த்து நெற்றியில் கை வைத்தார். உள்ளே எதையோ சொல்லிப் பார்த்தார். கதவை உள்ளே கொண்டுவர வேண்டாம், இரண்டு வக்கீலும் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார் ஜட்ஜ் அம்மா.

மின்சார ஆபீஸ் வக்கீல் கண்ணாடியை மாட்டினார். குனிந்தார். எண்ணைப் பார்க்கவில்லை. எழுத்தைப் படித்தார். சத்தமாக.

"'திங்கள். சேகர் வெல்டிங் மிஷின் வாடகைக்கு எடுத்துவந்து வீட்டு லைனில் போட்டான். 31.' 'செவ்வாய். சேகர் ரெண்டு கேட் அடித்தான். 35. மதியம் மத்திக் குழம்பு.' 'ஞாயிறு. இவர் வந்தார். சேகர் மிஷினை ஒளித்துவைத்தான். 2.'"

சேகர் தூணுக்குப் பின்னால் போய்விட்டான்.

நான் தனத்தைப் பார்த்தேன். "எங்கிட்ட சொல்லவே இல்லியே?"

"எல்லாத்தயும் எழுதி வைக்கச் சொன்னீங்க. எழுதி வெச்சேன். வாரா வாரம் நின்னு பாத்தீங்களே?"

"நம்பரத்தான் பாத்தேன்."

"அப்ப நான் இன்னா பண்றது?"

மின்சார ஆபீஸ் வக்கீல் துள்ளிக்கொண்டு உள்ளே போனார். "இந்த ஆவணத்த ஏத்துக்கறதுல எங்களுக்கு ஆட்சேபணையே இல்லைங்க அம்மா!"

ஜட்ஜ் அம்மா என்னைப் பார்த்தார். "வீட்டு லைன்ல தொழில் பண்ணிருக்கீங்க. இவுங்க போட்ட பில்லே கம்மி."

அப்பீல் தள்ளுபடி. பில் கட்டினேன். செலவும் கட்டினேன். கதவு ஆவணம் ஆகிவிட்டதால் கோர்ட்டிலேயே தங்கிவிட்டது. திறந்து கிடந்த அடுப்படியில் பூனை எங்களுக்கு முன்னால் சாப்பிட்டது.

ஆறு மாதம் கழித்து சேகர் ஒரு இரும்புக் கதவு அடித்துக்கொண்டு வந்து மாட்டினான். (வெல்டிங் கடை கரண்ட். விசாரித்தேன்.) இரும்பில் பேனா எழுதாது. தனம் சாக்பீசுக்கு மாறிவிட்டாள்.

ஒவ்வொரு கல்யாணத்திலும் காதுகுத்திலும் சேகர் இந்தக் கதையைச் சொல்கிறான். அவன் சொல்லும்போது மிஷினை வாடகைக்கு எடுத்தது யாரோ மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்ததும் தனம் கதவில் ஒரு கோடு போடுவாள்.

இப்போது எழுத்தையும் படிக்கிறேன். மேலே 'சேகர் கதவுக் கதை சொன்னது' என்று இருக்கிறது. கீழே கோடுகள். நேற்று எண்ணினேன்.

147.