தோளில் மிஞ்சிய கை

இலவச சாப்ட்வேரைக் குறை சொன்னால் சொந்த மச்சானையே கடையைவிட்டு இறக்கிவிடக்கூடிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான். எங்கள் கோவில்பட்டி லேயர் அண்ணாச்சி! என் ஜெராக்ஸ் கடையில் பாதி இடத்தில் கம்ப்யூட்டர் போட்டு, ஊர்க் கடைகளின் வெப்சைட்டுக்குப் படம் செய்துகொடுக்கிறார். படத்தை லேயர் லேயராக, கண்ணாடித்தாளை ஒன்றின்மேல் ஒன்று வைப்பதுபோல் அடுக்கி வேலை பார்ப்பதால் வந்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது.

எந்த இளவட்டமாவது, "இது ஓசி சாப்ட்வேர்தானே அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டால் போச்சு.

"ஏலே, காத்தும் ஓசிதான். மூச்சு விடாம இரு பாப்போம்!"

ஒருமுறை கடலைமிட்டாய்க் கடை முருகையா, பின்னணி நீக்கிய படத்தைத் திரையில் பார்த்துப் பதறிவிட்டார். ஒன்றுமில்லாத இடத்தை அந்த சாப்ட்வேர் சின்னச் சின்னக் கட்டமாகத்தான் காட்டும்.

"என்ன அண்ணாச்சி, மிட்டாய்க்கு அடியில சாரத்தை விரிச்சிருக்கீரு? உம்மதா?"

அண்ணாச்சி சட்டென்று குனிந்து தன் இடுப்பைப் பார்த்துக்கொண்டார். அன்று அவர் கட்டியிருந்ததும் கட்டம்போட்ட சாரம்தான்.

அதே முருகையா ஒருநாள் முகம் சிவக்க வந்தார். தம்பி செல்வம் சண்டைபோட்டுக்கொண்டு கயத்தாறில் தனிக்கடை போட்டுவிட்டானாம். வெப்சைட் முகப்பில் இருவரும் சேர்ந்து நிற்கும் படத்திலிருந்து அவனைத் தூக்க வேண்டுமாம்.

அண்ணாச்சி தூக்கினார். ஆனால் முருகையாவின் தோளில் தம்பியின் கை மட்டும் அப்படியே இருந்தது!

வெப்சைட்டைப் பார்த்துச் சென்னையிலிருந்து போன் செய்தவர்கள்கூட மிட்டாயை விட்டுவிட்டு, "தோள்ல யார் கை?" என்றுதான் கேட்டார்களாம். முருகையா குதித்துக்கொண்டு வந்தார்.

"கையை எடும்வே!"

"முடியலையே முதலாளி. என்ன செய்ய? ஓசி சாப்ட்வேருல்லா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வாயிலிருந்தா இந்த வார்த்தை? முந்தின நாள்தான், லாட்ஜ் வாசலை மறித்து நின்ற எருமையைப் படத்தில் தடமே இல்லாமல் காணாமலாக்கியிருந்தார்.

முருகையா திரையிலிருந்த கையையே பார்த்துக்கொண்டு நின்றார். கட்டைவிரலருகே ஒரு தழும்பு.

"சின்னதுல பாகு கொட்டிச் சுட்டது," என்றார். "நான்தான் தூக்கிட்டு ஓடுனேன்."

மறுநாள் கயத்தாறு பஸ் ஏறிவிட்டார்.

அடுத்த வாரம் அண்ணனும் தம்பியுமாக வந்து நின்றார்கள். அண்ணாச்சி மவுஸை ஒரு தட்டுத் தட்டினார். கைக்குப் பின்னால் செல்வம் முழுசாக வந்துவிட்டான்.

"அழிக்கலையாவே?" என்றார் முருகையா.

"அழிப்பாங்களா? அந்த லேயரை ஒளிச்சுல்லா வச்சிருந்தேன்."

அவர்கள் போனதும் மெல்லக் கேட்டேன்: "அப்போ கையை மட்டும் எடுக்க முடியாதுன்னது?"

"உம்ம ஜெராக்ஸ் வேலையைப் பாரும்வே!"

இப்போதெல்லாம் அந்த சாப்ட்வேரை யாராவது ஓசி என்றால், அண்ணாச்சிக்கு முந்தி நான் சண்டைக்குப் போய்விடுகிறேன்.