மேனேஜர் வீட்டு அனிமோன்

"ஜோசஃபின், இங்க வா! இது நடக்குது!"

கணவன் ஹெர்பர்ட் கூப்பிட்டதும் தோசைக் கரண்டியோடு ஓடிவந்த ஜோசஃபின் கண்ணாடித் தொட்டியை எட்டிப் பார்த்தாள். நேற்று வரை பாறைமேல் பூவாக விரிந்திருந்த கடல் அனிமோன், இப்போது கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு சாண் தள்ளி ஊதா நிறப் பவளம்.

"பூ எப்படிங்க நடக்கும்?"

"பூ இல்லடி, பிராணி. பவளத்தைத் தொட்டா கொட்டியே சாகடிச்சிடும்னு சார் சொல்லியிருக்கார்."

சார் என்றால் வெங்கடகிருஷ்ணன். பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஹெர்பர்ட்டின் மேனேஜர். குடும்பத்தோடு இரண்டு வாரம் சிங்கப்பூர் போனவர், தன் உப்புத்தண்ணீர்த் தொட்டியை ஆஸ்டின் டவுனில் ஹெர்பர்ட் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். அடுத்த மாதம் டீம் லீட் யார் என்று முடிவாகிறது. ஹெர்பர்ட்டால் மறுக்க முடியுமா?

வளர்ப்பு மீன் கடை பழனிச்சாமிக்குப் போன் போட்டான்.

"தண்ணி ஓட்டம் பிடிக்கலைன்னா நகரும் சார். அதுவா ஒரு எடத்துல உக்காரும். சும்மா கை வெக்காதீங்க."

ஹெர்பர்ட் கை வைத்தான். தொட்டிக்குள் தண்ணீரை ஓடவிடும் பம்பை லேசாகத் திருப்பினான். அடியிலிருந்த மணல் மொத்தமும் கிளம்பி, தொட்டி மோர்ப் பானை ஆனது.

மோர் தெளிந்தபோது அனிமோன் பவளத்தை மறந்துவிட்டு பம்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"ஐயோ, உள்ள போனா அரைச்சிடும்!" பம்பை நிறுத்தினான்.

"பம்பு ஓடலைன்னா அதுக்கு மூச்சு முட்டாதா?"

"அதுக்கு மூக்கு எங்கடி இருக்கு?" என்று எரிந்து விழுந்தான். ஆனாலும் பயம் வந்து, பத்து நிமிஷத்தில் மறுபடி ஸ்விட்சைப் போட்டான். அதற்குள் அது பம்பின் வாயிலேயே வந்து உட்கார்ந்திருந்தது. சர்ரென்று பாதி உடம்பு உள்ளே போயிற்று.

கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு தொட்டிக்குள் விட்டான். முழங்கை இடித்துப் பவளம் மணலில் குப்புற விழுந்தது.

"மெதுவா இழுங்க!"

"நான் எங்க இழுக்குறேன்? அதுதான் என்னை இழுக்குது!"

பாதி கையோடு வந்தது. மீதி பம்போடு நின்றது.

இரண்டு துண்டுகளும் ஊறவைத்த புளி உருண்டைகளாகச் சுருங்கி மணலில் கிடந்தன. ஹெர்பர்ட் சட்டை நனைந்த கோலத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"சார் கேட்டா என்னங்க சொல்வீங்க?"

"அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, அதான் கவனிக்க முடியலைன்னு சொல்லிடுறேன்."

"மாமா போய் ஆறு வருஷம் ஆச்சுங்க. அடக்கத்துக்கு உங்க சாரும் வந்திருந்தார்."

அடுத்த ஒரு வாரம் அவன் தொட்டிப் பக்கமே திரும்பவில்லை. ஜோசஃபின்தான் பவளத்தை நிமிர்த்தி வைத்தாள், உப்பு கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றினாள். எட்டாம் நாள் அவள் போட்ட கூச்சலில் ஹெர்பர்ட் பாதி ஷேவிங்கோடு ஓடிவந்தான்.

பாறையின் இந்தப் பக்கம் ஒரு பூ, அந்தப் பக்கம் ஒரு பூ.

பழனிச்சாமி போனில் சிரித்தார். "கிழிஞ்சா சில சமயம் ரெண்டாயிடும் சார். லக்கு உங்களுக்கு!"

சனிக்கிழமை, தொட்டியை எடுத்துப்போக மேனேஜரின் டிரைவர் சின்னப்பா கேன்களோடு வந்தார். ஹெர்பர்ட் நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

"பார்த்தீங்களா? சார் ஒண்ணு குடுத்தார். நான் ரெண்டா திருப்பித் தர்றேன்!"

சின்னப்பா குனிந்து பார்த்தார். முகம் வாடிப்போயிற்று.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? 'இந்தச் சனியன் செத்துத் தொலையணும், யார்கிட்ட குடுக்கலாம்'னு மேனேஜர் வீட்டு மேடம் கேட்டாங்க. உங்களை நம்பித்தானே சார் நான் உங்க பேரைச் சொன்னேன்!"