அரை லிட்டரில் ஒரு வளைகாப்பு

அரைகுறையாக நாலு விஷயம் தெரிந்துகொண்டவன் கையில் மளிகைச் சீட்டைக் கொடுக்கவே கூடாது. என் மாமியார் என்னிடம் கொடுத்தார்.

அப்போது எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, திருவேற்காட்டில் குடித்தனம். ஆபீஸில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் கொஞ்சம் கூடுதல் என்று வந்தது. போனில் மூன்று வீடியோ பார்த்து நானே டாக்டராகிவிட்டேன். எண்ணெய் விஷம், நெய் கொடிய விஷம். தோசையைத் தண்ணீர் தெளித்துச் சுடச் சொன்னேன். (தோசை கல்லைவிட்டு வர மறுத்தது.) பசித்தால், 'கொழுப்பே இல்லாதது' என்று அச்சடித்த பிஸ்கட்டைப் பாக்கெட் பாக்கெட்டாக உள்ளே தள்ளினேன். ஏழு மாதக் கர்ப்பிணியான என் மனைவி சுமதிக்கும் தாளிக்காத சாம்பார்தான். அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

வளைகாப்பு வந்தது. கலவை சாதம் பெண்ணைப் பெற்றவர்கள் பொறுப்பு. ஆவடியிலிருந்து விடியற்காலையிலேயே அத்தை வந்து எங்கள் அடுப்படியில் இறங்கிவிட்டார்.

"மாப்ளே, நல்லெண்ணெய் ரெண்டு லிட்டர், நெய் ஒரு கிலோ வாங்கிட்டு வந்துடுங்க. நாப்பது பேர் வராங்க. கல்யாணத்துல சமையல்காரங்க செஞ்சாங்க. இது என் கையால எம் பொண்ணுக்குச் செய்யறது, உங்க வீட்டு ஆளுங்க ஒரு குறை சொல்லக் கூடாது" என்றார்.

நான் வாங்கி வந்தது அரை லிட்டர் எண்ணெய், நூறு கிராம் நெய்.

"கடையில அவ்ளோதான் இருந்துச்சு அத்தை" என்று கூசாமல் சொன்னேன். அந்த நேரத்தில் வேறு கடையும் திறந்திருக்காது. அத்தை பாட்டிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "பரவால்ல, சமாளிக்கிறேன்" என்றார். நாற்பது பேரின் இதயத்தைக் காப்பாற்றிய பெருமிதத்தோடு நான் குளிக்கப் போனேன்.

மதியப் பந்தியில் புளியோதரை மணல்போல் உதிர்ந்தது. சர்க்கரைப் பொங்கலில் குத்திய கரண்டி நட்டமாக நின்றது. பூந்தமல்லியிலிருந்து வந்திருந்த என் பெரியம்மாவுக்கு மெதுவாகப் பேசிப் பழக்கம் இல்லை.

"இன்னா சம்பந்தியம்மா, புளிச்சோறு தொண்டைய வுட்டு எறங்க மாட்டேங்குது? ரெண்டு கரண்டி எண்ணெய் ஊத்துனா சொத்தா பூடும்?"

பந்தியே சிரித்தது. அத்தையின் முகம் சுண்டிப்போயிற்று. "அளவு தெரியாம செஞ்சுட்டேங்க, மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. 'நான்தான் குறைத்து வாங்கினேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் நிறையத் தயிர் சாதத்தை அடைத்துக்கொண்டு குனிந்தே இருந்தேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

அடுத்த முறை சுமதியைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனபோது என் சாப்பாட்டுக் கொள்கையை டாக்டரம்மாவிடம் பெருமையாக விளக்கினேன்.

"யாருங்க சொன்னது? வயித்துல இருக்கற பிள்ளைக்கு மூளை வளரவே நல்ல கொழுப்பு வேணும். நல்லெண்ணெய், வேர்க்கடலை, மீன் எல்லாம் அளவா குடுங்க. காய்ச்சின எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சறது, பேக்கரி பப்ஸ், அதையெல்லாம் விடுங்க. உங்க பிஸ்கட்ல கொழுப்பை எடுத்துட்டு சர்க்கரையைக் கொட்டியிருப்பான், பாருங்க" என்றார்.

பார்த்தேன், கொட்டியிருந்தான். மறுபடி ரத்தப் பரிசோதனை செய்ததில் என் கொலஸ்ட்ரால் கணக்கும் ஏறித்தான் இருந்தது.

மகனின் முதல் பிறந்தநாள் விருந்தில், இனியும் தாங்காது என்று எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று உண்மையைச் சொன்னேன். பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தியா, மாமியார வுட்டுக் குடுக்காம பழிய தன் தலைல போட்டுக்கினான்! தங்கமான புள்ள!"

கைதட்டினார்கள். நான் மகன் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறை. மறுக்க மறுக்க என் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. அத்தையைப் பார்த்தேன்.

"விடுங்க மாப்ளே, எனக்கு அன்னிக்கே தெரியும். சாப்பிடுங்க" என்று மெல்லச் சொல்லி, என் இலையில் நெய் ஊற்றினார்.

இப்போதும் எங்கள் சொந்தத்தில் எந்த வீட்டுச் சாப்பாடு வறண்டிருந்தாலும் அதற்குப் பெயர் 'ஆவடி புளியோதரை'. சொன்னதும் எல்லோரும் சிரிப்பார்கள், அத்தையும் சேர்ந்து சிரிப்பார். அது ஆவடி இல்லை, திருவேற்காடு என்று நான் திருத்திக்கொண்டே இருக்கிறேன். ஒருவரும் நம்புவதில்லை.